மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கான தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு: குமரி மாவட்டத்தினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிகிச்சையில் பிழை என்று நோயாளி வழக்குத் தொடர்ந்தால் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் ஏற்பது இழப்பீட்டுக் காப்பீடு. இந்தியாவில் ஒரு மருத்துவர் தொழில் நடத்த அதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் அந்தக் காப்பீடு இல்லாமல் பதிவு பெற்ற செவிலியர்கூட ஒரு நாள் பணி செய்ய முடியாது. குமரி மாவட்டத்தில் இந்த இரு நிலைமைகளும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கின்றன. அண்ணன் கருங்கலில் கிளினிக் நடத்துகிறார். தங்கை மெல்போர்னில் செவிலியராக இருக்கிறார். தங்கையிடம் காப்பீடு பற்றி ஆண்டுதோறும் உறுதிமொழி கேட்கிறார்கள். அண்ணனிடம் யாருமே கேட்பதில்லை. கேட்காததாலேயே பலர் வாங்குவதில்லை. வாங்கியவர்களும் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

இந்த மாவட்டத்து மருத்துவர்களுக்குக் காப்பீட்டுத் தாள்களைப் படித்துச் சொல்வது என் வேலை. அவர்களிடம் நான் முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பாலிசியில் தொகை இரண்டாவது, இடைவெளியில்லாத் தொடர்ச்சியே முதலாவது. அது ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அதற்கு முன், வழக்கு எந்த வழியாக வரும் என்று தெரிந்தால்தான் எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்பது விளங்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1995 நவம்பரில் இந்திய மருத்துவ சங்கத்துக்கும் வி.பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்றது. எல்லோருக்கும் எல்லாமே இலவசமாகச் செய்யும் இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் ஊரில் பலர் கவனிக்காத ஒரு கூறு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு மருத்துவமனை சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஏழைகளுக்கு இலவசமாகச் செய்தால், அந்த இலவச நோயாளியும் வழக்குத் தொடரலாம். நெய்யூரில் 1838-இல் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய காலத்திலிருந்து தொண்டு மருத்துவமனைகளால் வளர்ந்த மாவட்டம் இது. ‘நாங்கள் தொண்டு நிறுவனம், எங்கள் மீது யார் வழக்குப் போடுவார்கள்’ என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்கும் சிகிச்சையும் இலவச சேவை ஆகாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்த அறுவை சிகிச்சையையும் விலக்குப் பெற்றதாக எண்ணிவிட வேண்டாம்.

2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று கூறுகள் நமக்கு நேரடியாகப் பொருந்தும்.

எந்த நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குப் போகும் என்பதை நோயாளி கட்டிய கட்டணம்தான் தீர்மானிக்கிறது. அவர் கேட்கும் இழப்பீட்டுக்கு அதில் பங்கில்லை. கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். மார்த்தாண்டத்தில் 60,000 ரூபாய் பில் கட்டிய ஒருவர், ஒரு கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதென்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பெரிய தொகைக்கு வழக்குப் போட இனி பெரிய செலவு இல்லை என்பதே இதன் பொருள்.

அடுத்தது, புகார் கொடுப்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் குழித்துறை, மார்த்தாண்டம் மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை தமிழ்நாட்டில் நடந்தாலும் வழக்கு திருவனந்தபுரத்தில் நடக்கலாம். இரு மாநில வழக்கறிஞர் செலவையும் எண்ணிப் பார்த்துக் காப்பீடு எடுக்க வேண்டிய மாவட்டம் இது.

மூன்றாவது கால வரம்பு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கென்றால், பாதிக்கப்பட்டவர் சிறார் எனும்போது வயது வந்த பிறகும் வழக்குத் தொடர வழியுண்டு. மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

தொகையின் அளவைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை உரிய நேரத்தில் செய்யப்படாமல் பார்வை பறிபோன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2013-இல் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் மீதான குணால் சாஹா வழக்கில் ஏறத்தாழ ஆறு கோடியும் அதற்கு வட்டியும். இவை விதிவிலக்கான தொகைகள்தாம். ஆனால் வருமான இழப்பு, எதிர்கால மருத்துவச் செலவு ஆகியவற்றைக் கணக்கிடும் முறை இளம் நோயாளிகளின் வழக்குகளில் தொகையை விரைவாக ஏற்றிவிடுகிறது.

குற்றவியல் வழக்கு வேறு. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 106-ஆம் பிரிவின்படி, மருத்துவச் செயல்முறையின்போது கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை. அங்கே ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்றால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் கீழ் பதிவானவர் என்று விளக்கம் தரப்பட்டிருக்கிறது. சித்தா, ஆயுர்வேத மருத்துவர்கள் வேறு சட்டத்தின் கீழ் பதிவானவர்கள். அந்தச் சலுகை தங்களுக்கும் உண்டு என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடாது. எந்தக் காப்பீடும் சிறைத்தண்டனையையோ அபராதத்தையோ ஏற்காது. சில பாலிசிகள் கூடுதல் பிரீமியத்துக்குக் குற்றவியல் வழக்கின் வழக்கறிஞர் செலவை ஏற்கின்றன. வாங்கும்போதே அதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: யார் பெயரில், எந்தப் பணிக்கு

கிளினிக் வைத்திருக்கும் தனி மருத்துவருக்கு ஒரு வகைப் பாலிசி. மருத்துவமனைக்கு வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் சேதம் பெரிது. மருத்துவமனையின் பெயரில் எடுத்த பாலிசி, அங்கே வந்துபோகும் வருகை மருத்துவரைத் தனிப்பட்ட முறையில் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. மருத்துவரின் தனிப் பாலிசியும் மருத்துவமனையின் செவிலியர் செய்த பிழைக்குப் பணம் தராது. திருவனந்தபுரத்திலிருந்து வாரத்தில் சில நாட்கள் மார்த்தாண்டத்துக்கு வரும் சிறப்பு மருத்துவர்கள், நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் போகும் மயக்கவியல் மருத்துவர்கள் எல்லோரும் தங்கள் பெயரில் தனிப் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களுக்குப் போகிறவர் எந்த ஓர் இடத்தின் பாதுகாப்பையும் நம்பியிருக்க முடியாது.

அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு மாலையில் சொந்தக் கிளினிக் நடத்துவது தமிழ்நாட்டில் வழக்கம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செய்த பணிக்கு அரசும் பொறுப்பேற்கும். மாலை ஆறு மணிக்குப் பார்க்கும் நோயாளிக்கு முழுப் பொறுப்பும் அவருடையதே.

மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் தங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது: பாலிசியில் ஊழியர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, தகுதி பெற்ற ஊழியரும் தகுதி பெறாத உதவியாளரும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருக்கிறார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவரும், தனியே காயம் கட்டப் போகும் செவிலியரும் அந்த வேலைக்குத் தனியே காப்பீடு எடுக்க வேண்டும். மருத்துவமனையின் பாலிசி வாசலோடு நின்றுவிடும்.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி மருத்துவர்களுக்கும் இந்தக் காப்பீடு கிடைக்கிறது. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியும் முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியும் உள்ள மாவட்டத்தில் அவர்களின் எண்ணிக்கை சிறியதல்ல. அவர்களுக்கான எச்சரிக்கை ஒன்று: பதிவான மருத்துவ முறைக்கு வெளியே மருந்து எழுதினால் பாலிசி கைவிரித்துவிடும். ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தகுதியில்லாத முறையில் சிகிச்சை அளித்ததே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. பாரம்பரியமாக வர்மமும் எலும்பு முறிவு வைத்தியமும் செய்யும் ஆசான்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருத்துவக் கவுன்சில் பதிவு இல்லாதவருக்கு இந்தப் பாலிசி கிடையாது.

இரண்டாம் படி: கையில் இருக்க வேண்டிய தாள்கள்

கவுன்சில் பதிவுச் சான்றிதழ், கூடுதல் தகுதிகளின் பதிவு, கிளினிக் அல்லது மருத்துவமனை என்றால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவு, பழைய பாலிசிகள் அனைத்தும். கூடுதல் தகுதியைப் பதிவு செய்யாமல் அந்தத் துறையில் அறுவை சிகிச்சை செய்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியிருப்பார்கள், கவுன்சிலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். இழப்பீடு கோரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லைக்கு இருபுறமும் பணி செய்பவர்கள் கேரள மாநிலத்தில் தேவைப்படும் பதிவையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: தொகையும் விகிதமும்

பாலிசியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு நிகழ்வுக்கு அதிகபட்சம் எவ்வளவு. ஓர் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு. இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் 1:1, 1:2, 1:3, 1:4 என்று எழுதப்பட்டிருக்கும். ‘ஒரு கோடிக்குப் பாலிசி எடுத்திருக்கிறேன்’ என்று சொல்லும் மருத்துவரின் தாளை வாங்கிப் பார்த்தால் 1:4 என்று இருக்கும். அப்படியென்றால் ஒரு வழக்குக்கு அவருக்குக் கிடைப்பது 25 லட்சம்தான். ஒரு கோடி என்பது நான்கு வழக்குகள் வந்தால் மொத்தமாகக் கிடைப்பது. தனி மருத்துவருக்கு ஒரே ஆண்டில் நான்கு வழக்குகள் வருவது அரிது. ஒரே ஒரு பெரிய வழக்கு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே தனி மருத்துவருக்கு 1:1 விகிதமே ஏற்றது. பல மருத்துவர்கள் பணி செய்யும் மருத்துவமனைக்கு 1:2 அல்லது 1:3 பொருந்தலாம்.

வழக்கறிஞர் கட்டணம், நிபுணர் கருத்துக்கான செலவு ஆகியவை பெரும்பாலும் இந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும். மேலும், ஒவ்வொரு கோரலிலும் மருத்துவர் தன் கையிலிருந்து ஏற்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். பிரீமியம் குறைவாகத் தெரியும் பாலிசிகளில் அந்தப் பகுதி பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரீமியம் துறையைப் பொறுத்தது. அறுவை சிகிச்சை செய்யாத பொது மருத்துவருக்குக் குறைவு. அறுவை மருத்துவருக்கு அதிகம். மயக்கவியல், பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற துறைகளுக்கு இன்னும் அதிகம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. செலவைக் குறைப்பதற்காகச் செய்யும் வேலையை மறைத்து, தாழ்ந்த பிரிவில் பாலிசி எடுப்பவர்களும் உண்டு. பொது மருத்துவர் என்று எழுதிவிட்டுச் சிறு அறுவை சிகிச்சை செய்தால், அந்தச் சிகிச்சையிலிருந்து எழும் வழக்குக்குப் பாலிசி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ரெட்ரோஆக்டிவ் தேதி

இந்த வழிகாட்டியில் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

கார் காப்பீட்டில் விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மருத்துவருக்கான இழப்பீட்டுக் காப்பீடு அப்படி இயங்குவதில்லை. இங்கே இரண்டு நாட்களைப் பார்ப்பார்கள். கோரிக்கை உங்களிடம் வந்த நாளில் பாலிசி நடைமுறையில் இருக்க வேண்டும். சிகிச்சை நடந்த நாள், பாலிசியில் ‘ரெட்ரோஆக்டிவ் தேதி’ என்று அச்சிட்டிருக்கும் நாளுக்குப் பிந்தியதாகவும் இருக்க வேண்டும். நீங்கள் முதன்முதலில் பாலிசி எடுத்த நாள்தான் பொதுவாக அந்தத் தேதி. இடைவெளியின்றிப் புதுப்பித்து வந்தால் ஆண்டுகள் கடந்தாலும் அது மாறாமல் அப்படியே நிற்கும். ஒருமுறை விட்டுவிட்டால் புதுப் பாலிசி, புதுத் தேதி.

ஓர் எடுத்துக்காட்டு. 2019 ஏப்ரல் 1 அன்று ஒருவர் பாலிசி எடுக்கிறார், ஒழுங்காகப் புதுப்பிக்கிறார். 2022 மார்ச் 31 அன்று முடிந்ததை மறந்துவிட்டு ஜூன் 1 அன்று புதிதாக எடுக்கிறார். 2022 ஜனவரி 10 அன்று அவர் செய்த ஓர் அறுவை சிகிச்சை குறித்து 2023 டிசம்பரில் நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. இரண்டு ஆண்டுக் கால வரம்பு இன்னும் முடியவில்லை. சிகிச்சை நாளில் இருந்த பழைய பாலிசி இப்போது செத்துவிட்டது. அது பணம் தராது. நோட்டீஸ் வந்த நாளில் உள்ள புதுப் பாலிசியின் ரெட்ரோஆக்டிவ் தேதி 2022 ஜூன் 1. அதற்கு முந்தைய சிகிச்சைக்கு அதுவும் தராது. பிரீமியம் எல்லாம் கட்டியும் அவர் தனியே நிற்கிறார். இரண்டு மாத மறதி மூன்று ஆண்டுப் பாதுகாப்பை அழித்துவிட்டது.

இதனால்தான் தொகையைக் காட்டிலும் தொடர்ச்சி பெரிது என்று சொல்கிறேன். முதல் ஆண்டு 50 லட்சம்தான் முடிகிறதா, அதை எடுத்துவிடுங்கள்; பின்னால் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டிய தொகை பழைய சிகிச்சைகளுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தை மாற்றும்போது பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியைப் புதிய பாலிசியில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் சேர்ந்துவிடும் டாக்டர்’ என்று முகவர் வாயால் சொல்வது எந்த ஆணையத்திலும் செல்லாது. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் கைபேசியிலும் மனைவி அல்லது கணவரின் கைபேசியிலும் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: முன்மொழிவுப் படிவம்

இதை முகவர் நிரப்பி, மருத்துவர் கையெழுத்து மட்டும் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் ஒழிய வேண்டும். முன்பு வந்த வழக்கறிஞர் நோட்டீஸ், மருத்துவக் கவுன்சில் புகார், நோயாளியின் உறவினர் கொடுத்த காவல் புகார், பாதகமாக முடிந்த சிகிச்சை எதையும் விடாமல் எழுதுங்கள். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. மறைத்தது பின்னர் தெரிந்தால், அந்தக் காரணத்தைக் காட்டியே கோரலை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கிறது.

விலக்குகளையும் படியுங்கள். அழகு சிகிச்சை, உடல் எடைக் குறைப்பு, மது அல்லது போதையில் செய்த சிகிச்சை, குற்றச்செயல், ரத்த வங்கிப் பணி ஆகியவை பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். முடி நடுதல், தோல் பொலிவுச் சிகிச்சை எல்லாம் இப்போது நாகர்கோவிலில் பெருகிவருகின்றன. அவற்றைச் செய்பவர்கள் அதற்கெனப் பாலிசியில் கூடுதல் ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும். கும்பல் வந்து கண்ணாடியை உடைத்தால் அந்தச் சேதத்தை இந்தப் பாலிசி தராது. வன்முறையாளர்கள் மீது நடவடிக்கைக்கு 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. பொருட்சேதத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

எல்லைப் பரப்பும் முக்கியம். வழக்கமான பாலிசி இந்தியாவில் செய்த சிகிச்சைக்கும் இந்திய நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குக்கும் மட்டுமே. வளைகுடாவில் இருக்கும் பழைய நோயாளி வாட்ஸ்அப்பில் பரிசோதனை அறிக்கையை அனுப்பி மருந்து கேட்பது நம் மாவட்டத்தில் அன்றாடம் நடக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இந்திய எல்லைக்கு வெளியே உள்ள ஆலோசனைகளுக்குப் பொருந்தாது. அன்பினால் சொல்லும் அந்தப் பதில், காப்பீடு இல்லாத பதில். அவரை அங்கே உள்ள மருத்துவரிடம் போகச் சொல்வதே அவருக்கும் நல்லது.

மருத்துவர் சங்கங்கள் நடத்தும் தொழில் பாதுகாப்புத் திட்டங்களும் உண்டு. சக மருத்துவர்களின் ஆலோசனையும் வழக்கறிஞர் உதவியும் அவற்றில் எளிதில் கிடைப்பது பெரிய பலம். அவற்றில் சில உறுப்பினர் நிதியில் இயங்குபவை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் வரும் பாலிசிகள் அல்ல. சேரும் முன் எது எது என்று கேளுங்கள். இரண்டையும் வைத்திருப்பவர்களை நான் தடுப்பதில்லை.

ஆறாம் படி: வழக்கு வரும் முன்னரே செய்ய வேண்டியவை

நோயாளியின் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட் ஒழுங்காக இல்லாத மருத்துவரைக் காப்பீடு காப்பாற்றாது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தைகளின் ஆவணங்களை இன்னும் நெடுங்காலம் வைத்திருங்கள் என்பது என் அறிவுரை.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நோய் என்ன, சிகிச்சை என்ன, மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன என்று நோயாளி புரிந்துகொண்டு தரும் ஒப்புதலே ஒப்புதல் என்பது 2008-ஆம் ஆண்டின் சமீரா கோலி வழக்கிலிருந்து நிலைபெற்ற நெறி. பரிசோதனைக்கு வாங்கிய ஒப்புதல் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது என்பதும் அதே வழக்கில் சொல்லப்பட்டதுதான். நம் மருத்துவமனைகளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். தமிழில் ஒரு படிவம், மலையாளத்தில் ஒரு படிவம் இரண்டும் இருக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர்கள் வருகிறார்கள். எல்லை தாண்டியும் வருகிறார்கள். விளக்கிச் சொன்னவர் பெயரையும் மொழியையும் படிவத்திலேயே எழுதுங்கள்.

ஏழாம் படி: நோட்டீஸ் வந்த நாள்

வழக்கறிஞர் நோட்டீஸோ ஆணையத்தின் சம்மனோ வந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு சிகிச்சை மோசமாக முடிந்து, உறவினர் சண்டையிட்டுப் போனால், வழக்கு வரலாம் என்று அப்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. பல பாலிசிகளில் அப்படித் தெரிவித்த நிகழ்வு அந்த ஆண்டின் கோரலாகவே கருதப்படும்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பதில் தாக்கல் செய்ய 30 நாட்கள். ஆணையம் விரும்பினால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் முடிவாகச் சொல்லிவிட்டது. வழக்கறிஞரைத் தேடுவதிலேயே மூன்று வாரம் போய்விட்டால் நிபுணர் கருத்து வாங்க நேரமிருக்காது. உங்கள் வழக்கறிஞரை நியமிக்கலாமா, அவர்கள் பட்டியலில் உள்ளவர்தானா என்பதை முதல் கடிதத்திலேயே கேளுங்கள்.

கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்தையும் பின்னர் சேர்க்காதீர்கள், அழிக்காதீர்கள். விட்டுப்போன செய்தி இருந்தால் இன்றைய தேதியிட்டுத் தனித்தாளில் எழுதுங்கள்.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று. நோயாளி இறந்தால் ஆணையத்துக்குப் போவதற்கு முன் ஊர் பேச வரும். பங்குத் தந்தையோ ஜமாஅத் தலைவரோ ஊர்த் தலைவரோ வார்டு உறுப்பினரோ நல்லெண்ணத்தோடு இரு தரப்பையும் உட்கார வைப்பார்கள். ‘டாக்டரே, அந்தக் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுங்கள்’ என்பார்கள். இரக்கமுள்ள மருத்துவர் கொடுத்துவிடுவார்; ஒரு தாளில் கையெழுத்தும் போடுவார். அத்தோடு பாலிசி முடிந்தது. நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்பதையும் பணம் கொடுப்பதையும் ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளும் தடுக்கின்றன. அந்தத் தாளையே சான்றாக வைத்துப் பின்னர் வழக்கும் வரலாம்.

அதற்காகப் பேச்சுவார்த்தைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போங்கள், என்ன நடந்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள், வருத்தத்தைத் தெரிவியுங்கள். பல குடும்பங்கள் முதலில் எதிர்பார்ப்பது அந்த விளக்கத்தைத்தான். பணம் பற்றிப் பேச்சு வந்தால், ‘காப்பீட்டு நிறுவனத்துக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். சமரசம் நியாயமென்று தோன்றினால் நிறுவனமே அதற்கு ஒப்புதல் தரவும் கூடும்.

காவல்துறை விசாரணை என்றால் 2005-ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் சுட்டிக்காட்டட்டும். தகுதிவாய்ந்த, சார்பற்ற மருத்துவரின், குறிப்பாக அரசுப் பணியில் உள்ள மருத்துவரின், கருத்தைப் பெற்ற பிறகே மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும், வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்று அது வழிகாட்டியிருக்கிறது.

வெளிநாட்டில் பணி செய்யும் செவிலியர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் சுகாதாரப் பணியாளர் ஒழுங்குமுறைத் தேசியச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நேரடியானது: தக்க இழப்பீட்டுக் காப்பீடு இல்லாமல் பதிவு பெற்ற பணியாளர் தொழில் செய்யக் கூடாது. ஆப்ரா எனப்படும் ஒழுங்குமுறை முகமையில் செவிலியர் பதிவை ஆண்டுதோறும் மே 31-க்குள் புதுப்பிக்கும்போது, கடந்த ஆண்டு காப்பீட்டோடுதான் பணி செய்தேன், இனியும் அப்படியே செய்வேன் என்று உறுதி கூற வேண்டும். வாரியம் எப்போது கேட்டாலும் சான்று காட்ட வேண்டும். காப்பீடு இல்லாமல் போனால் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனை ஊழியருக்குப் பெரும்பாலும் வேலை கொடுத்தவரின் காப்பீடே போதும். ஆனால் அந்தக் காப்பீடு அந்த வேலையை மட்டுமே காக்கும். விடுமுறை நாளில் முகமை வழியாக முதியோர் இல்லத்தில் செய்யும் பணி, தமிழ்ச் சங்க விழாவில் தன்னார்வ முதலுதவி, தனியே நடத்தும் பயிற்சி வகுப்பு ஆகியவற்றுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘தொழில்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் அகலமானது. நோயாளியைத் தொடாத பணியும் அதில் அடங்கும்.

பிரிட்டனில் 2014 முதல் இழப்பீட்டு ஏற்பாடு பதிவுக்கே நிபந்தனை. தேசிய சுகாதார சேவையின் ஊழியர்களை அதன் ஏற்பாடு காக்கிறது. தனியாகப் பணி செய்பவர் தாமே எடுக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016-ஆம் ஆண்டின் மருத்துவப் பொறுப்புச் சட்டம் காப்பீடின்றித் தொழில் செய்வதைத் தடுக்கிறது. பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் காப்பீட்டை யார் எடுக்கிறார், வேலையை விட்டபின் அது தொடருமா என்ற இரண்டையும் கேட்டு, பதிலின் நகலை வீட்டிலும் ஒன்று வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசிப் படி: கிளினிக்கை மூடும்போது

ஓய்வு பெறுகிறீர்கள், அல்லது இங்குள்ள தொழிலை விட்டு வெளிநாடு போகிறீர்கள். நாளை முதல் நோயாளி இல்லை என்பதால் பாலிசியை நிறுத்திவிட வேண்டாம். நேற்று வரை செய்த சிகிச்சைகளுக்கான வழக்கு இன்னும் வரலாம். நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். சில பாலிசிகள் முடிந்தபின் கோரலைத் தெரிவிக்கச் சிறு அவகாசம் தருகின்றன, அது போதாது. தொழிலை நிறுத்திய பின்னும் பழைய சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு தரும் ‘ரன்-ஆஃப்’ ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது பாலிசியைப் புதுப்பித்து வாருங்கள். மகப்பேறு, குழந்தைகள் துறையினர் இன்னும் நீண்ட காலம் தொடர்வது நல்லது. பாலிசி முகவரியைக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். பூட்டிய கிளினிக்கின் கதவிடுக்கில் போடப்பட்ட நோட்டீஸுக்கும் அந்த 45 நாள் கணக்கை நீதிமன்றத்தில் வாதாடித்தான் விலக்க வேண்டியிருக்கும்.